முன் வண்டிக் குலவை

அம்சத்துக்கு நாற்பது வயது தாண்டும்வரை கண்ணுக்கு முன்னால் எப்போதும் யாராவது ஒருத்தரின் முதுகுதான். வலங்கைமான் பக்கத்து ஊரில் பிள்ளையாக இருந்தபோது அப்பாவின் சைக்கிள் கேரியர், அவர் முதுகு. நடவுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன். முன்னால் நின்றவள் முதுகு. வயலில் இறங்கிவிட்டாலோ முன்னால் போவது என்ற பேச்சே கிடையாது, நட்டுக்கொண்டே பின்னால் பின்னால்தான் போகவேண்டும். கட்டிக்கொடுத்துத் தஞ்சாவூருக்கு வந்த பிறகு இராஜாங்கத்தின் மொபெட்டில் பின் சீட்டு. இடுப்பில் பிள்ளை, கையில் மூட்டை, மூக்குக்கு நேரே புருஷனின் சட்டைக் காலர். இராஜாங்கம் நல்ல மனுஷன்தான், குறை சொல்ல முடியாது. ஆனாலும் பெரிய கோயில் கோபுரத்தை அவர் காதுக்கும் தோளுக்கும் நடுவில் கிடைத்த சந்து வழியாகத்தான் அவள் இத்தனை வருஷமும் பார்த்திருக்கிறாள்.

அதனால்தான் முன் வண்டி கைக்குக் கிடைத்தபோது உடும்பு மாதிரிப் பிடித்துக்கொண்டாள்.

சிவகங்கைப் பூங்காவுக்குப் பக்கத்தில் இளையபெருமாள் ஒரு பேட்டரி ஸ்கூட்டர் கடை வைத்திருக்கிறார். விற்கிற கடை இல்லை. ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு வண்டி, ஆளுக்கொரு ஹெல்மெட். முன்னால் ஒருத்தர் வழிகாட்டிக்கொண்டு போவார், கடைசியில் ஒருத்தர் காவலாக வருவார், நடுவில் விருந்தாளிகள் வாத்துக்குஞ்சு மாதிரி வரிசையாக வருவார்கள். மேல வீதியில் நுழைந்து, வடக்கு வீதி திரும்பி, அரண்மனையில் இறங்கிப் பார்த்து, கீழ வீதி, தெற்கு வீதி என்று சுற்றிப் பெரிய கோயில் வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். தேர் சுற்றுகிற வழி அது. கடையில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சட்டையானாலும் புடவையானாலும் மஞ்சள் நிறம். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று இளையபெருமாளே பார்த்து எடுத்துக் கொடுத்தது.

அம்சம் அங்கே சேர்ந்தது வண்டி துடைக்கவும் சார்ஜ் போடவும்தான். சார்ஜ் போட வண்டியை அங்கிருந்து இங்கே நகர்த்தி நகர்த்தியே ஓட்டக் கற்றுக்கொண்டாள். முன் வண்டி ஹரிசங்கர் என்ற பையனுடையது. அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து, ஒருநாள் காலையில் போனில் சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான். வாசலில் விருந்தாளிகள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இளையபெருமாள் தலையைச் சொறிகிறார். அம்சம் துடைக்கிற துணியைக் கொடியில் போட்டுவிட்டு முன் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, நான் போறேன்."

"நீ போயி என்னத்தச் சொல்லுவ? எந்த ராஜா, எந்த வருஷம்னு கேப்பாங்களே!"

"வருஷமெல்லாம் அவங்க போன்லயே இருக்குண்ணே. நான் கண்ணுக்கு முன்னால இருக்குறதக் காட்டுறேன்."

கடைசி வண்டிக்காரி ஜஸீலா சிரித்துவிட்டாள். நாகப்பட்டினத்துப் பெண், எதற்கும் அசராதவள். "விடுங்கண்ணே, அக்கா போகட்டும். வழி தெரியாமப் போனா நான் பின்னாலேர்ந்து சொல்றேன்."

அன்றைக்கு மேல வீதியில் திரும்பியதும் அம்சம் நிமிர்ந்து பார்த்தாள். முன்னால் முதுகே இல்லை. வீதி, வானம், மாடு, பூக்கடை, எல்லாம் நேராக அவளைப் பார்த்து வந்தன.

இந்த வண்டிகளில் ஒரு சங்கடம் உண்டு, சத்தமே வராது. பின்னால் ஆள் வருகிறதா, சந்தில் நுழைந்து எங்கேயோ நின்றுவிட்டதா, ஒன்றும் தெரியாது. ஐயன்குளம் திரும்புகிற இடத்தில் முதல் நாளே இரண்டு பேர் காணாமல் போய்விட்டார்கள். ஹாரன் அடித்தால் அந்த வீதியில் யார் கேட்பார்கள்? அங்கே எல்லோரும்தான் அடிக்கிறார்கள். "சார், சார்" என்று கூப்பிட்டால் போகிற வருகிற சார்களெல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள். அம்சம் தவித்துப்போய், யோசிக்காமல், நாக்கைப் புரட்டி ஒரு குலவை போட்டாள். வயலில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆள் கூட்டுகிற குலவை. சந்துக்குள் இருந்த இரண்டு பேரும் என்னவோ ஏதோ என்று வெளியே வந்தார்கள். அவ்வளவுதான். அன்றையிலிருந்து அதுதான் அவளுடைய மணி, ஹாரன், கொடி எல்லாம். விருந்தாளிகளுக்குக் கிளம்பும்போதே சொல்லிவிடுவாள்: "இந்தச் சத்தம் கேட்டா நான் இருக்குற பக்கம் வந்துருங்க." ஒருமுறை கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஆடி மாதம் வரைக்கும் ஒரு வம்பும் இல்லை.

மேல வீதியில் ஜகதாம்பாள் டீச்சர் வீடு இருக்கிறது. பாபநாசம் பக்கம் ஒருகாலத்தில் நிலபுலன் நிறைய இருந்த குடும்பம். டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஆனாலும், வீதியில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். அவர் வாசலுக்கு வந்தால் எதிர்க்கடைக்காரர் வாயில் இருக்கிற வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவார். ஆடி வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் பால்குடம் அந்த வழியாகத்தான் போகும். மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு வெறுங்காலோடு பெண்கள் வருவார்கள். குலவைச் சத்தம் கேட்டதும் அந்தந்த வீட்டுக்காரர்கள் வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து, பால்குடம் சுமப்பவர்களின் காலில் ஊற்றிக் கும்பிடுவார்கள். டீச்சர் ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை.

அம்சமும் மஞ்சள் புடவை. அவள் செருப்பை வண்டிக் கொக்கியில் மாட்டிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவாள். சேற்றிலேயே இருந்த காலுக்குச் செருப்பு ஒட்டுவதில்லை.

அந்த முதல் ஆடி வெள்ளியன்று டீச்சர் வீட்டு வாசலுக்கு நேரே அம்சம் வண்டியை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, பின்னால் தங்கிவிட்ட ஆளுக்காக ஒரு குலவை போட்டாள். உள்ளே டீச்சருக்குக் கேட்டது. பால்குடம் சீக்கிரமே வந்துவிட்டது என்று நினைத்து, பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். அவருக்கு முழங்கால் வலி, படி இறங்கினால் கண் தரையில்தான் இருக்கும். தரையில் ஒரு வெறுங்கால் தெரிந்தது. அதற்குமேல் மஞ்சள் புடவைக் கரை தெரிந்தது. குடம் தண்ணீரையும் பக்தியோடு ஊற்றி, வேப்பிலையைத் தள்ளிவிட்டு, குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

நிமிர்ந்தால், ஹெல்மெட்.

பூக்கடை சிரித்தது, எதிர்க்கடை சிரித்தது, விருந்தாளிகள் இதுவும் ஒரு வரவேற்பு என்று நினைத்துக் கை தட்டினார்கள். அம்சம் மட்டும் சிரிக்கவில்லை. பதறிப்போய், "ஐயய்யோ டீச்சரம்மா, சாமி இல்ல, நாந்தான்!" என்றாள். டீச்சர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் அவரே கடைக்கு வந்தார். இளையபெருமாளுக்கு ஐம்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்தவர். டீச்சரைப் பார்த்ததும் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"உக்காருங்க டீச்சர்."

"உக்காரவா வந்தேன்? ஏண்டா இளையபெருமாளு, வீதியே சிரிக்குதுடா என்னப் பாத்து. அம்மனுக்கு எடுத்துவச்ச தண்ணிய இவ கால்ல ஊத்தியிருக்கேன். போயும் போயும் யாரு காலு..." அதோடு நிறுத்திக்கொண்டார். நிறுத்தினாலும் சொன்னது சொன்னதுதான்.

அம்சம் சார்ஜ் வயரைக் கீழே வைத்தாள். "யாரு காலு டீச்சரம்மா? முழுசா சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

"நடவு வயல்ல போடுற சத்தத்த நடவு வயல்லயே போடணும். வீதிக்கு எதுக்கு அது?"

"அந்த வயல்ல வெளயிற நெல்லு ஒங்க அடுப்படி வரைக்கும் வருதே. சத்தம் மட்டும் ஊருக்கு வெளியிலயே நின்னுரணுமா?"

"பாத்தியாடா வாய?"

"பாத்தேன் டீச்சர்," என்றார் இளையபெருமாள்.

"இவ வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். அந்தச் சத்தம் எங்க வீதியில இனிமே கேக்கக் கூடாது."

"ஊத்துனது நீங்க, நனைஞ்சது நான்," என்றாள் அம்சம். "மன்னிப்பு மட்டும் நான் கேக்கணுமா? மஞ்சப் பொடவ கூட இந்த அண்ணன் எடுத்துக் குடுத்தது. அவரு வேணா கேக்கட்டும்."

ஜஸீலா பக்கத்து வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

டீச்சர் போனதும் இளையபெருமாள் அம்சத்தை உட்காரவைத்துத் தன்மையாகத்தான் சொன்னார். "இங்க பாரு, அவங்க ஒரு வார்த்தை சொன்னா வீதியில நம்ம வண்டிய நிக்கவிட மாட்டாங்க. மன்னிப்புக் கேக்க மனசில்லையா, விடு. குலவைய நிறுத்திரு. இந்தா விசிலு. இதுவும் முடியாதுன்னா முன் வண்டி இல்ல. பழையபடி தொடைக்கிற வேலைக்கு வந்துரு."

வீட்டில் இராஜாங்கமும் அதே பாட்டுத்தான். "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா நாக்கு தேஞ்சா போயிரும்?"

"தேயாது," என்றாள் அம்சம், சோற்றைப் போட்டுக்கொண்டே. "ஆனா குலவ போடுற நாக்கும் அதேதான். ஒரு தடவ மடங்குனா அப்புறம் நான் சொன்னபடி பொரளாது."

விசிலை ஒரு நாள் ஊதிப் பார்த்தாள். ஊதாமல் வேண்டாம் என்று சொன்னதாக நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்கள், அதற்காக. மேல வீதியில் அவள் ஊதினால், வண்டி நிறுத்துமிடத்துக் காவல்காரர் "இங்க எடமில்ல, எடமில்ல" என்று கையை ஆட்டினார். விருந்தாளிகள் பாட்டுக்கு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். கீழவாசல் பக்கம் போனபோது ஒரு டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது. அம்சம் பின்னால் வருகிறவர்களைச் சீக்கிரம் வரச்சொல்லி அழுத்தமாக இரண்டு விசில் கொடுத்தாள். இரண்டு விசில் என்றால் என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் பஸ் ஏறுகிற எல்லோருக்கும் தெரியும். டிரைவருக்குத் தெரியாதா? கியரைப் போட்டு எடுத்தார், பஸ் போய்விட்டது. கண்டக்டர் மட்டும் டீக்கடை வாசலில் கையில் கிளாஸோடு நிற்கிறார்.

"ஏ நிறுத்து! நிறுத்துய்யா!" என்று கொஞ்சதூரம் ஓடிப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பிவந்தார். அம்சத்தை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, நீ எந்த டிப்போ?"

ஜஸீலா அவரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸைத் துரத்திப் பிடித்துச் சேர்த்துவிட்டு வந்தாள். அதற்குள் விருந்தாளிகளில் ஒருத்தர் வழி தவறி மீன் மார்க்கெட்டுக்குள் போயிருந்தார்.

சாயங்காலம் அம்சம் விசிலை இளையபெருமாளின் மேஜைமேல் வைத்தாள்.

"இந்த ஊர்ல விசிலுக்கெல்லாம் முன்னமே சொந்தக்காரங்க இருக்காங்கண்ணே. எனக்கு வேணாம். நான் மன்னிப்பும் கேக்கப் போறதில்ல, குலவைய விடப் போறதுமில்ல. முன் வண்டிதான் ஓட்டுவேன். அது இல்லன்னா இப்பவே சொல்லிருங்க, பொடவைய தொவச்சுக் குடுத்துட்டுப் போறேன். தொடைக்கிற வேலைக்குத் திரும்பி வரமாட்டேன்."

இளையபெருமாள் விசிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். விடிந்தால் அடுத்த ஆடி வெள்ளி. மெட்ராஸிலிருந்து ஒரு குடும்பமே வருவதாகச் சொல்லியிருக்கிறது. வழிகாட்ட வேறு ஆளில்லை.

"நாளைக்கு நானும் வரிசையில வருவேன்," என்றார் கடைசியில். "மேல வீதியில ஒரு குலவை கேட்டுது, அந்த எடத்துலயே வண்டிச் சாவிய வாங்கிருவேன். அப்புறம் என்மேல வருத்தப்படாத."

"வாங்க," என்றாள் அம்சம். "ஹெல்மெட்ட மறக்காம மாட்டிக்கிட்டு வாங்க."

மறுநாள் அவள் அதே மஞ்சள் புடவையைத்தான் கட்டினாள். செருப்பை அதே கொக்கியில்தான் மாட்டினாள். அவளுக்குப் பின்னால் மெட்ராஸ்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் முதலாளி, கடைசியில் ஜஸீலா. மெட்ராஸ் குடும்பத்தில் ரோஹிணி என்று ஒரு பெண், துருதுருவென்று எதையாவது கேட்டுக்கொண்டே வந்தாள்.

மேல வீதியில் நுழைந்து கொஞ்சதூரம் போனதும் அம்சம் பார்த்தாள். டீச்சர் வாசலில் நிற்கிறார். பித்தளைக் குடம், தாம்பாளம், கற்பூரம், எல்லாம் தயாராக இருக்கிறது. இந்தத் தடவை நிமிர்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முகத்தைப் பார்த்துத்தான் ஊற்றுவது என்று நிற்கிறார். சத்தம் போடாமல் அப்படியே வண்டியை நகர்த்திக்கொண்டு போய்விடலாம். பேட்டரி வண்டி, காற்று மாதிரி போய்விடும். முன் வண்டியும் தங்கும்.

திரும்பிப் பார்த்தாள். ரோஹிணியின் அப்பா ஐயன்குளம் முனையில் நின்று ஏதோ படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அம்சம் டீச்சர் வீட்டு வாசலுக்கு நேரே, போன வாரம் நிறுத்திய அதே இடத்தில், வண்டியை நிறுத்தினாள். மூச்சை இழுத்தாள். போட்டாள் பாருங்கள் ஒரு குலவை, வடக்கு வீதி மூலையில் இருக்கிற புறாவெல்லாம் எழும்பிவிட்டது.

குலவைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி எடுத்தால் கேட்கிற இன்னொருத்தியால் சும்மா இருக்க முடியாது. பூக்கடைக்காரி வேம்பு, தான் கட்டிக்கொண்டிருந்த சரத்தை மடியில் போட்டுவிட்டுப் பதில் குலவை கொடுத்தாள். அவளும் கல்யாணத்துக்கு முன்னால் வயலில் நின்றவள்தான். அவளுக்கு அப்பால் கொய்யாப்பழக்காரி எடுத்தாள். ரோஹிணியின் அப்பா அலறியடித்துக்கொண்டு வந்து வரிசையில் சேர்ந்தார்.

இளையபெருமாள் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அதற்குள் அம்சம் விருந்தாளிகளைப் பார்த்துத் திரும்பி, அரண்மனையைச் சொல்கிற அதே குரலில் ஆரம்பித்துவிட்டாள்.

"இந்த வீட்டப் பாத்துக்குங்க. போன வெள்ளிக்கெழம, இந்த வாசல்லதான், என் காலுக்கு ஒரு கொடம் மஞ்சத் தண்ணி ஊத்துனாங்க."

"நிறுத்து!" டீச்சர் படியிறங்கிவிட்டார். முழங்கால் வலி எங்கே போனதோ. "என்ன இது, என் வீடு என்ன மியூசியமா? அரைகுறையா சொல்லிட்டுப் போவாளாம், ஊரெல்லாம் கேட்டுக்குமாம். ஒனக்கா ஊத்துனேன்? அம்மனுக்குடி ஊத்துனேன்!"

"அம்மனுக்குத்தான் ஊத்துனாங்க," என்று விருந்தாளிகளிடம் ஒப்புக்கொண்டாள் அம்சம். "நனைஞ்சது என் காலு."

"எதுக்கு மேடம் மஞ்சள் தண்ணி ஊத்துறாங்க?" என்று நடுவில் கேட்டுவிட்டாள் ரோஹிணி. பாவம், தெரியாமல்தான் கேட்டாள்.

ஒரு டீச்சரிடம் கேள்வி கேட்டால் என்ன ஆகும்? ஜகதாம்பாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கோபம் அப்படியே இருந்தது, ஆனால் குரல் வகுப்புக் குரலாகிவிட்டது. வெயிலில் சூடேறிய தாரில் வெறுங்காலோடு வருகிறவர்களுக்குச் சூடு ஆற்றுவது, வேப்பிலை எதற்கு, மஞ்சள் எதற்கு, தன் மாமியார் காலத்தில் எத்தனை அண்டா வைப்பார்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. மெட்ராஸ்காரர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

"சாவியக் குடு," என்று இளையபெருமாள் அம்சத்தின் காதருகில் சொன்னார். அவள் கொடுக்கவில்லை. அவர் குரலை உயர்த்தினார். "டீச்சர், இதோ இவகிட்டேர்ந்து வண்டிய வாங்கிடுறேன் டீச்சர்."

"இருடா!" என்று அதட்டினார் ஜகதாம்பாள். "நான் பேசிட்டிருக்கேன்ல? குறுக்கப் பேசுறது இன்னும் போகலியா ஒனக்கு? கையக் கட்டு!"

இளையபெருமாள் கையைக் கட்டிக்கொண்டார். கட்டிய கையால் சாவி வாங்க முடியாது.

டீச்சர் முடித்ததும் அம்சம் பக்கம் திரும்பினார். "மன்னிப்புக் கேக்கமாட்ட?"

"கேக்கமாட்டேன் டீச்சரம்மா."

"அப்ப ஒன்னு செய். இங்க நின்னு சொல்றதா இருந்தா முழுசா சொல்லு. நான் யாருக்கு ஊத்துனேன்னு சேத்துச் சொல்லு. ஒரு வார்த்த கொறஞ்சாலும் நான் வெளிய வந்துருவேன்."

"வாங்க," என்றாள் அம்சம், ஹெல்மெட் பட்டையை மாட்டிக்கொண்டே. "நீங்க வந்தா எனக்குக் கொஞ்சம் தொண்ட மிச்சம்."

அதன் பிறகு இளையபெருமாள் சாவியைக் கேட்கவில்லை. விசில் இப்போது ஜஸீலாவிடம் இருக்கிறது, நாய் துரத்தினால் ஊதுகிறாள். ஆடி போய் ஐப்பசி மழை வந்தும் அம்சம் அந்த வாசலில் நிறுத்தாமல் போனதில்லை. குலவை போடுவாள், சொல்வாள். டீச்சர் உள்ளேயிருந்து "அம்மனுக்கு!" என்று ஒரு குரல் கொடுப்பார். சில நாள் வெளியிலேயே வந்துவிடுவார். இரண்டு பேரும் இன்றைக்குவரை ஒரு அங்குலம் இறங்கி வரவில்லை. விருந்தாளிகளில் பலருக்கு எந்த ராஜா எந்த வருஷம் என்று ஞாபகம் இருப்பதில்லை, அந்த வாசல் ஞாபகம் இருக்கிறது.

ஒருநாள் வரிசையில் ஒரு வண்டி காலியாக இருந்தது. இராஜாங்கத்தை அதில் ஏற்றி, தனக்கு அடுத்ததாகவே வரச்சொன்னாள். நான்கு வீதியும் சுற்றிப் பெரிய கோயில் வாசலில் இறங்கியதும் கேட்டாள், "எப்படி, ஊரு நல்லாத் தெரிஞ்சுதா?"

"எங்க தெரிஞ்சுது?" என்றார் அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. "வழி பூரா ஒன் முதுகுதான் தெரிஞ்சுது."

"பாத்துப் பழகிக்குங்க," என்று சொல்லிவிட்டு, பின்தங்கியவர்களுக்காக அம்சம் குலவை போட வாயருகே கையைக் கொண்டுபோனாள்.